பிஎச் கணக்குக்கு எந்த வழி: வர்க்கமூலமா, இருபடியா, முழுச் சமன்பாடா?

கேரம் பலகையில் தூவும் போரிக் அமிலப் பொடியை 10⁻⁵ மோலார் அளவுக்கு மிக நீர்க்கக் கரைத்து, அந்தக் கரைசலின் பிஎச் என்ன என்று பிளஸ் டூ மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். பிரிகை மாறிலி 5.8 × 10⁻¹⁰ என்று சொல்லிவிட்டால் போதும். மாறிலியையும் செறிவையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, மடக்கை பார்த்து 7.12 என்று எழுதிவிடுவார். பெருக்கலில் பிழை இருக்காது. வகுப்பில் சொல்லித்தரும் ஐந்து விழுக்காடு சோதனையிலும் விடை தேறிவிடும். ஆனால் 7.12 என்றால் என்ன பொருள்? அறை வெப்பநிலையில் பிஎச் 7-க்குக் கீழே இருந்தால் அமிலம், மேலே போனால் காரம். அமிலத்தைப் போட்டதும் நீர் காரமாகிவிட்டது என்கிறது அந்த விடை. சரியான விடை 6.90.

இந்த மாணவருக்கு வேதியியல் தெரியாது என்று சொல்ல முடியாது. எந்தச் சூத்திரம் எதுவரை செல்லும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆஸ்வால்ட் நீர்த்தல் விதியிலிருந்து வரும் வர்க்கமூலச் சூத்திரம் ஒரு பக்கத்தில் வருகிறது. இருபடிச் சமன்பாடு இன்னொரு பக்கத்தில். சிறிது அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பிஎச் அதிகம் மாறாத தாங்கல் கரைசலுக்கு ஹென்டர்சன்-ஹேசல்பாக் சமன்பாடு. உப்பின் நீராற்பகுத்தலுக்குத் தனிச் சூத்திரங்கள். கல்லூரிக்குப் போனால் மின்சுமைச் சமன்பாடு. எல்லாம் தனித்தனிப் பாடமாக வருவதால், ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றுக்கு எப்போது மாற வேண்டும் என்ற கேள்வி நடுவில் காணாமல் போய்விடுகிறது. என் கணிப்பில் இந்தப் பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான்.

எழுத்தைச் சுருக்கிக்கொள்வோம். கரைசலில் உள்ள ஹைட்ரோனியம் அயனிச் செறிவை ஹ என்றும், அமிலத்தின் பிரிகை மாறிலியை க என்றும், நாம் கரைத்த அமிலத்தின் செறிவை ச என்றும், நீரின் அயனிப் பெருக்கத்தை (ஹைட்ரோனியம், ஹைட்ராக்சைடு செறிவுகளின் பெருக்கல் பலனை) ந என்றும் வைத்துக்கொள்ளலாம். ஹ-வின் மடக்கையைக் குறி மாற்றினால் பிஎச்; க-வின் மடக்கையைக் குறி மாற்றினால் பிகேஏ. 25 டிகிரி செல்சியஸில் ந என்பது 1.0 × 10⁻¹⁴. இந்த வெப்பநிலையைக் குறிப்பிடாமல் பிஎச் 7 நடுநிலை என்று சொல்வதே சரியில்லை; உடல் வெப்பநிலையான 37 டிகிரியில் தூய நீரின் பிஎச் ஏறத்தாழ 6.8 தான்.

வர்க்கமூலம்: வேகமானது, ஆனால் இரண்டு கண்கள் வேண்டும்

ஹ = √(க × ச). இதைவிட எளிய சூத்திரம் கிடையாது. மடக்கை வடிவில் எழுதினால் இன்னும் எளிது: பிஎச் என்பது பிகேஏ மதிப்பிலிருந்து செறிவின் மடக்கையைக் கழித்ததில் பாதி. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்துக்கு மாறிலி 1.8 × 10⁻⁵, அதன் பிகேஏ 4.74, 0.1-இன் மடக்கை −1. ஆகவே 5.74-இல் பாதி, 2.87. பேனாவை எடுக்கும் முன்பே மனத்தில் வந்துவிடும். இருபடிச் சமன்பாட்டை முழுதாகத் தீர்த்தால் 2.875 வருகிறது. வேறுபாடு 0.003. இதற்காக இருபடியைத் தொடுவது வீண் வேலை. அம்மோனியாவின் காரப் பிரிகை மாறிலியும் 1.8 × 10⁻⁵ என்பதால், அதே எண்ணை 14-இலிருந்து கழித்து 0.1 மோலார் அம்மோனியாவுக்கு 11.13 என்று எழுதிவிடலாம்.

இந்தச் சூத்திரத்துக்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. கரைத்த அமிலத்தில் பிரிவது சொற்பம், எனவே மிச்சமிருப்பது ஏறக்குறைய முழுச் செறிவே என்பது ஒன்று. நீர் தன்னளவில் பிரிந்து தரும் ஹைட்ரோனியத்தைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை என்பது மற்றொன்று.

முதல் அனுமானம் எப்படிச் சரிகிறது என்று பார்க்க, அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்துக்கொண்டே போவோம். 10⁻⁴ மோலாரில் வர்க்கமூலம் 4.24 × 10⁻⁵ என்ற ஹ மதிப்பைத் தருகிறது. கரைத்ததில் 42 விழுக்காடு பிரிந்துவிட்டது என்று பொருள். சொற்பம் என்று தொடங்கிய கணக்கு, பாதிக்குப் பாதி என்று முடிகிறது. விடை 4.37, உண்மை 4.46. இன்னும் பத்து மடங்கு நீர்த்து 10⁻⁵ மோலாருக்குப் போனால் சூத்திரம் 1.34 × 10⁻⁵ என்கிறது. கரைத்ததே 1.00 × 10⁻⁵ தான். போட்ட அமிலத்தைவிட அதிகமான அமிலம் பிரிந்திருக்கிறது! இந்த வரியில் எந்த மாணவரும் நின்று யோசித்தாக வேண்டும். உண்மையான ஹ மதிப்பு 7.16 × 10⁻⁶, பிஎச் 5.15, பிரிந்தது 72 விழுக்காடு. வலிமை குறைந்த அமிலம் என்று பெயரெடுத்த அசிட்டிக் அமிலம்கூட, போதுமான நீர் கிடைத்தால் பெருமளவு பிரிந்துவிடும் என்பதைத்தான் வில்ஹெல்ம் ஆஸ்வால்ட் 1888-இல் தன் நீர்த்தல் விதியில் சொன்னார். அந்த விதியைச் சுருக்கி எடுத்த சூத்திரத்தை, விதி எச்சரிக்கும் இடத்திலேயே கொண்டுபோய்ப் போடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

இந்த அனுமானத்தைக் காக்கத்தான் ஐந்து விழுக்காடு சோதனை. ச ÷ க என்ற வகுத்தல் 400-ஐத் தாண்டினால் பிரிகை ஐந்து விழுக்காட்டுக்குள் இருக்கும். எல்லைக்கோட்டிலேயே நின்றாலும் பிஎச் மதிப்பில் வரும் பிழை 0.01 மட்டுமே என்பதால், பலர் நினைப்பதைவிடத் தாராளமான சோதனை இது. அசிட்டிக் அமிலத்துக்கு 0.0072 மோலார் வரை இதை நம்பலாம்.

போரிக் அமிலக் கணக்கைக் கவிழ்த்தது இரண்டாவது அனுமானம். அங்கே பிரிந்தது 0.8 விழுக்காடுகூட இல்லை, ஆகவே சோதனை பச்சைக்கொடி காட்டிவிட்டது. ஆனால் அமிலம் தந்த ஹைட்ரோனியம் 10⁻⁷ அளவுக்கும் கீழே இருந்தது. நீரே அதைவிட அதிகம் தரும் இடத்தில் நீரை மறந்தால் எப்படி? இங்கே சூத்திரத்தில் ஒரு சின்ன ஒட்டு போட்டால் போதும்: ஹ = √(க × ச + ந). பெருக்கல் பலன் 5.8 × 10⁻¹⁵; அதனுடன் 10 × 10⁻¹⁵ சேர்த்து வர்க்கமூலம் எடுத்தால் 1.26 × 10⁻⁷; பிஎச் 6.90. மிக வலிமை குறைந்த அமிலங்களுக்கு நான் எல்லாரிடமும் பரிந்துரைக்கும் வடிவம் இதுதான். கூடுதல் உழைப்பு ஒரே ஒரு கூட்டல்.

க × ச என்ற பெருக்கல் 10⁻¹³-ஐத் தாண்டினால் நீரை மறந்துவிடலாம், பிழை 0.02-க்குள் அடங்கும். ஆக, சோதனை இரண்டு: வகுத்தால் 400-க்கு மேல், பெருக்கினால் 10⁻¹³-க்கு மேல். வகுப்பறைகளில் முதல் சோதனையை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள் என்பதே என் பெரிய ஆதங்கம்.

இருபடி: பயப்படும் அளவுக்கு இல்லை

முதல் சோதனையில் தோற்றால் இருபடி. ஹ² + கஹ − கச = 0 என்று எழுதி, நேர்குறி மூலத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. 0.1 மோலார் குளோரோ அசிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். மாறிலி 1.4 × 10⁻³. வகுத்தால் 71 தான். 400-க்கு வெகு கீழே. வர்க்கமூலம் 1.93 தரும், இருபடி 1.95 தரும்.

கால்குலேட்டர் கையில் இருந்தால் இருபடியை நேராகத் தீர்ப்பதே நல்லது. இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப இட்டுத் திருத்தும் வழி ஒன்று உண்டு. முதலில் வர்க்கமூலம் எடுத்து 0.01183 என்கிறோம். இதைச் செறிவிலிருந்து கழித்தால் 0.08817 மிஞ்சும். இப்போது 0.1-க்குப் பதிலாக இந்த 0.08817-ஐப் போட்டு மறுபடியும் வர்க்கமூலம்: 0.01111. மீண்டும் கழித்து, மீண்டும் எடுத்தால் 0.01116. அடுத்தது 0.01115. இருபடி தரும் விடையும் 0.01115 தான். ஒவ்வொரு சுற்றிலும் விடை சரியான மதிப்பை மேலும் கீழுமாகத் தாண்டித் தாண்டி நெருங்குவதால், இரண்டு சுற்றுகளுக்கு இடையில்தான் உண்மை இருக்கிறது என்ற உறுதியும் கிடைக்கிறது. இருபடிச் சூத்திரத்தில் இரண்டு ஏறக்குறைய சமமான எண்களைக் கழிக்கும்போது தசம இடங்கள் கரைந்துபோகும் தொல்லையும் இதில் இல்லை.

ஆனால் இந்த வழியையும் எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியாது. 10⁻⁵ மோலார் அசிட்டிக் அமிலத்தில் இதைத் தொடங்கினால், முதல் சுற்றிலேயே மிச்சம் எதிர்குறியாகி வர்க்கமூலம் எடுக்க வழியில்லாமல் நின்றுவிடும். வேறு தொடக்க மதிப்பைக் கொடுத்தாலும் சுற்றுக்குச் சுற்று விலகித்தான் போகும். பிரிகை பாதியைத் தாண்டும் இடங்களில் இருபடியை நேரடியாகத் தீர்ப்பதைத் தவிர வேறு நல்வழி இல்லை.

இருபடியின் அருமை உண்மையில் தெரிவது வலிமை குறைந்த அமிலத்தில்கூட இல்லை. மிக நீர்த்த வலிமைமிகு அமிலத்தில்தான். 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் என்ன என்ற புகழ்பெற்ற கேள்விக்கு 8 என்று எழுதுபவர்கள் இன்று குறைவு. நீரின் 10⁻⁷-ஐயும் அமிலத்தின் 10⁻⁸-ஐயும் கூட்டி, 1.1 × 10⁻⁷ என்று கொண்டு 6.96 என்று எழுதுபவர்கள் அதிகம். சில வழிகாட்டி நூல்களிலும் இதே விடை இருக்கிறது. இது 8-ஐவிட மேல் என்றாலும் சரியில்லை. வெளியிலிருந்து ஹைட்ரோனியம் வந்ததும் பொது அயனி விளைவால் நீரின் பிரிகை அமுங்கிவிடும். அது இனி 10⁻⁷ தராது. அந்த அமுக்கத்தையும் சேர்த்து எழுதினால் ஹ² − சஹ − ந = 0. தீர்த்தால் 1.05 × 10⁻⁷, பிஎச் 6.98.

10⁻⁸-இல் கூட்டல் வழிக்கும் இருபடிக்கும் வேறுபாடு 0.02 மட்டுமே என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. 10⁻⁷ மோலாருக்கு வாருங்கள். கூட்டல் வழி 6.70 என்கிறது, இருபடி 1.618 × 10⁻⁷ என்ற ஹ மதிப்பையும் 6.79 என்ற பிஎச் மதிப்பையும் தருகிறது. கணிதம் படித்தவர்கள் அந்த 1.618-ஐப் பார்த்துப் புன்னகைப்பார்கள். அது பொன் விகிதமேதான், தன் வர்க்கத்திலிருந்து தன்னைக் கழித்தால் ஒன்று தரும் எண். அமிலச் செறிவு 10⁻⁶ மோலாருக்கு மேல் போய்விட்டால் இந்தக் கவலையே வேண்டாம், நேராக மடக்கை எடுத்துவிடலாம்.

ஹென்டர்சன்: விகிதம் தெரிந்தவர்க்குத் துணை

லாரன்ஸ் ஹென்டர்சன் 1908-இல் தாங்கல் கரைசலுக்கான உறவை எழுதினார். சோரன்சன் 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பிஎச் அளவீட்டை அறிமுகப்படுத்திய பிறகு, இரத்தத்தை ஆராய்ந்த ஹேசல்பாக் 1916-இல் அந்த உறவை மடக்கை வடிவத்துக்கு மாற்றினார். இன்றும் அந்தச் சமன்பாடு அதிகம் உழைப்பது மருத்துவமனைகளில்தான். தமனி இரத்தத்தைப் பரிசோதிக்கும் கருவி பிஎச் மதிப்பையும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தையும் அளந்து, பைகார்பனேட்டை இந்தச் சமன்பாட்டின் வழியேதான் கணக்கிடுகிறது. பைகார்பனேட் 24 மில்லிமோல், கரைந்த கார்பன் டை ஆக்சைடு 1.2 மில்லிமோல் என்றால் விகிதம் 20. அதன் மடக்கை 1.3; பிகேஏ 6.1-உடன் கூட்டினால் 7.4. நலமாக இருக்கும் மனித இரத்தத்தின் பிஎச் அதுவே.

தாங்கல் கரைசல் தயாரிப்பவருக்கு இதைவிட வசதியான வழி இல்லை. பிஎச் 5.00 வேண்டும் என்றால், அசிட்டேட்டும் அசிட்டிக் அமிலமும் 1.8-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று உடனே சொல்லிவிடும். விகிதம் மட்டுமே கணக்கில் வருவதால் மொத்தக் கன அளவு அடிபட்டுப் போகிறது. மோல்களை மட்டும் எண்ணினால் போதும்.

அந்த வசதியே அதன் பலவீனம். எவ்வளவு நீர்த்தாலும் விகிதம் மாறாது, ஆகவே பிஎச் மாறாது என்று அது சாதிக்கும். குளோரோ அசிட்டிக் அமிலமும் அதன் சோடியம் உப்பும் தலா 0.01 மோலார் இருக்கும் கரைசலை எடுங்கள். ஹென்டர்சன் சொல்வது 2.85. அமிலத்தின் கணிசமான பகுதி தானே பிரிந்து உப்புப் பக்கம் சேர்ந்துவிடுவதால் உண்மையான மதிப்பு 2.95. அமிலம், உப்பு இரண்டின் செறிவும் ஹைட்ரோனியத்தைவிடவும் ஹைட்ராக்சைடைவிடவும் நூறு மடங்காவது இருந்தால்தான் இந்தச் சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். பிஎச் 4-க்கும் 10-க்கும் இடையில், 0.01 மோலாருக்கு மேற்பட்ட வழக்கமான தாங்கல் கரைசல்கள் இதில் எளிதாகத் தேறிவிடும்.

உப்புகளுக்கான சூத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை வர்க்கமூலச் சூத்திரத்தின் மறுவடிவங்கள், அதே இரண்டு சோதனைகள் அவற்றுக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டும். ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், அமிலமாகவும் காரமாகவும் நடக்கக்கூடியது. அதன் கரைசலுக்கு 6.35, 10.33 என்ற இரு பிகேஏ மதிப்புகளின் சராசரியை எடுத்தால் 8.34. செறிவு என்னவென்றே கேட்காத சூத்திரம், மிக நீர்த்த கரைசல் அல்லாத வரை நன்றாகவே பொருந்துகிறது.

முழுச் சமன்பாடு: கடினம் என்ற பெயர் அதற்கு நியாயமில்லை

கரைசலில் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமமாக இருந்தாக வேண்டும். அமிலத்தை மட்டும் கரைத்த நீரில் நேர்மின்சுமை ஹைட்ரோனியம் மட்டுமே. எதிர்ப்பக்கம் ஹைட்ராக்சைடும் அமிலத்தின் எதிரயனியும். அதை அப்படியே எழுதினால்:

ஹ = ந ÷ ஹ + (க × ச) ÷ (க + ஹ)

மேலே பார்த்த அமிலச் சூத்திரங்கள் அனைத்தும் இதைக் கத்தரித்துப் பெற்ற வடிவங்கள். ந ÷ ஹ என்ற உறுப்பை நீக்கினால் இருபடி வரும். அதற்கும் மேலே, கீழ்ப்பகுதியில் உள்ள ஹ-வை ஒப்பிட்டு க-வை விட்டுவிட்டால் வர்க்கமூலம் வரும். நீர் உறுப்பைத் திரும்பச் சேர்த்தால் ஒட்டுப்போட்ட வர்க்கமூலம். எந்தத் துண்டை எப்போது வெட்டினோம் என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. அனுமானங்களை மனப்பாடம் செய்யும் மாணவருக்கும் அவற்றைப் புரிந்துகொள்ளும் மாணவருக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆகவேதான் பிளஸ் டூ வகுப்பிலேயே ஒருமுறையாவது இதை எழுதிக் காட்ட வேண்டும் என்கிறேன்.

விரித்தால் முப்படிச் சமன்பாடு ஆகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். விரிக்கவே வேண்டாம். பிஎச் மதிப்பை ஊகித்து, இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். நம்மைத் திணறடித்த 10⁻⁵ மோலார் அசிட்டிக் அமிலத்தையே எடுப்போம். பிஎச் 5 என்று வைத்தால் இடப்பக்கம் 10.0 × 10⁻⁶, வலப்பக்கம் 6.43 × 10⁻⁶. ஹைட்ரோனியம் அதிகம், பிஎச் இன்னும் ஏற வேண்டும். 5.2 என்றால் 6.31, 7.41, இப்போது குறைவு. 5.1 என்றால் 7.94, 6.94, மறுபடியும் அதிகம். 5.15 என்றால் 7.08, 7.18, மயிரிழையில் குறைவு. 5.14 என்றால் 7.24, 7.13. விடை இரண்டுக்கும் இடையில், இருபடி தந்த அதே 5.145. ஒவ்வொரு ஊகமும் எந்தத் திசையில் நகர வேண்டும் என்று தானே சொல்லிவிடுவதால் வழிதவற இடமில்லை. 0 முதல் 14 வரையிலான வீச்சைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால் பத்தே ஊகங்களில் 0.014 அகலத்துக்குள் வந்துவிடலாம். எக்செல் தாளில் ஒரு வரிசையில் பிஎச் மதிப்புகளையும் அடுத்த வரிசையில் இரு பக்கங்களின் வேறுபாட்டையும் நிரப்பினால் குறி மாறும் இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அமிலத்தில் காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும்போது பிஎச் மாறுவதைக் காட்டும் தரம் பார்த்தல் வளைகோட்டை வரைய வேண்டியவர்களுக்கு இந்த வழி பெரும் விடுதலை. வழக்கமாக அந்த வளைகோட்டை நான்கு துண்டாக வெட்டி, தொடக்கத்துக்கு வர்க்கமூலம், நடுப்பகுதிக்கு ஹென்டர்சன், சமநிலைப் புள்ளிக்கு நீராற்பகுத்தல், அதற்கப்பால் மிஞ்சிய காரம் என்று நான்கு சூத்திரம் போடுகிறோம். துண்டுகள் சேரும் இடங்களில் கோடு ஒட்டாமல் நிற்கும். சமநிலைப் புள்ளியில் அமிலம் பூச்சியமாவதால் ஹென்டர்சன் வாயடைத்துப்போகும். முழுச் சமன்பாட்டில் சோடியம் அயனியை நேர்மின் பக்கம் சேர்த்தால் முடிந்தது. அதைவிட நேர்த்தியான உத்தி, கேள்வியைத் தலைகீழாக்குவது: இவ்வளவு காரம் சேர்த்தால் பிஎச் என்ன என்று கேட்காமல், இந்த பிஎச் வர எவ்வளவு காரம் வேண்டும் என்று கேட்பது. அப்போது இருபடியும் இல்லை, ஊகமும் இல்லை. கன அளவு நேராக வந்துவிடுகிறது. 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 50 மில்லி லிட்டருக்கு அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால், பிஎச் 4.745 ஆவதற்கு 24.99 மில்லி லிட்டர். பாதிவழியில் பிஎச், பிகேஏ மதிப்புக்குச் சமம் என்ற விதியில் எவ்வளவு சின்னத் தோராயம் இருக்கிறது என்பதும் அந்த 0.01-இல் தெரிந்துவிடுகிறது.

பல புரோட்டான் அமிலங்கள் என்றதும் முழுச் சமன்பாட்டுக்கு ஓட வேண்டியதில்லை. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்துக்கு மூன்று மாறிலிகள். ஆனால் 0.1 மோலார் கரைசலின் பிஎச் வேண்டுமென்றால் முதல் மாறிலியை மட்டும் வைத்து இருபடி தீர்த்தால் 2.08 கிடைத்துவிடும்; இரண்டாவது படி தரும் பங்கு ஆயிரத்தில் சில மட்டுமே. அதே சிட்ரிக் அமிலத்தை வைத்துத் தாங்கல் கரைசல் செய்யும்போதுதான் சிக்கல். மூன்று பிகேஏ மதிப்புகளும் 3.1, 4.8, 6.4 என்று நெருங்கி நிற்பதால் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று படிகள் வேலை செய்யும். அங்கே ஹென்டர்சனை விட்டுவிட்டு முழுச் சமன்பாட்டுக்கு வருவதே சரி.

யாருக்கு எது

நீட் தேர்வில் கால்குலேட்டரும் இல்லை, மடக்கை அட்டவணையும் இல்லை. அங்கே வர்க்கமூலத்தின் மடக்கை வடிவமும் ஹென்டர்சனும்தான் ஆயுதம். மடக்கை 2 = 0.30, மடக்கை 3 = 0.48 இரண்டும் மனத்தில் இருந்தால் 1.8-இன் மடக்கையை 0.26 என்று கட்டிவிடலாம். ஆனால் இரண்டு சோதனைகளில் ஒன்றில் தோற்றாலும் வர்க்கமூலத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். மடக்கை அட்டவணை அனுமதிக்கப்படும் தேர்வுகளில் திரும்ப இட்டுத் திருத்தும் வழி நன்றாக எடுபடும். விடைத்தாளில் இரண்டு சோதனைகளையும் ஒரு வரியில் எழுதிக் காட்டுங்கள். ஏன் இந்த வழியை எடுத்தேன் என்பதற்கு அதுவே சான்று. இளநிலைப் பட்ட மாணவர்களும் ஆய்வகத்தில் இருப்பவர்களும் முழுச் சமன்பாட்டைத் தாளில் ஏற்றி வைத்துக்கொள்வது நல்லது. ஒருமுறை செய்துவிட்டால் எல்லா அமிலத்துக்கும் உதவும்.

எத்தனை தசமம் என்பதையும் வழியைத் தேரும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். தலா 0.1 மோலார் அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் உள்ள கரைசலுக்கு ஹென்டர்சன் 4.74 என்கிறது. நன்றாகத் தரப்படுத்திய பிஎச் மீட்டரை வைத்தால் 4.65 காட்டும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கணக்கில் 1.00; அளவீட்டில் ஏறத்தாழ 1.1. கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு முழுச் செறிவுக்கும் செயல்படாமல் இருப்பதே காரணம். மீட்டர் அளப்பது செயல்படும் செறிவை. நம் சமன்பாடுகள் எண்ணுவது கரைந்த செறிவை. செறிந்த கரைசலில் இந்த 0.1 வேறுபாட்டை முழுச் சமன்பாடுகூட நீக்காது, அதற்குத் தனித் திருத்தம் வேண்டும். எனவே 0.1 மோலார் கரைசலுக்கு இருபடி தீர்த்து மூன்றாம் தசமத்தைப் போடுவது பொருளற்ற உழைப்பு. நீர்த்த கரைசலில்தான் வழியைத் தேர்வதால் விடை உண்மையிலேயே மாறுகிறது. அங்கே உழைப்பைச் செலவிடுங்கள். தாங்கல் கரைசல் தயாரிப்பவர் ஹென்டர்சன் சொன்ன விகிதத்தில் கலந்துவிட்டு, மீட்டரைப் பார்த்தபடி சொட்டுச் சொட்டாகச் சரிசெய்வதே முறை.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. 0.01 மோலார் கந்தக அமிலத்தின் பிஎச் கேட்கும்போது இரண்டு புரோட்டான்களும் முழுதாகப் பிரிகின்றன என்று கொள்ள வேண்டுமா என்பதைக் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். முழுதாகப் பிரிந்தால் 1.70, முதல் புரோட்டான் மட்டும் என்றால் 2.00, இரண்டாவதன் மாறிலி 0.012 என்று கொண்டு நேர்மையாகத் தீர்க்கும் மாணவருக்கு 1.84. மூன்றாவது விடையை எழுதியவர் மதிப்பெண் இழக்கக் கூடாது. மாறிலியையும் வெப்பநிலையையும் கேள்வியிலேயே கொடுத்துவிடுங்கள். 10⁻⁷ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு விடைக்குறிப்பில் 6.70 என்று இருந்தால், அடுத்த முறை அச்சுக்குப் போகும் முன் அதை 6.79 என்று திருத்திவிடுங்கள்.